கட்சிகள் யாருக்காக எல்லையைத் திறக்கின்றன, யாருக்காக மூடுகின்றன?

கேள்வி இது: "அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி வாக்குக்காகக் குடியேறிகளை உள்ளே விடுகிறது, குடியரசுக் கட்சி உள்ளூர்த் தொழிலாளிக்காக எல்லையை மூடப் பார்க்கிறது என்கிறார்களே, உண்மையா? உழைக்கும் வர்க்கத்தின் மேல் எந்தக் கட்சிக்கு அக்கறை? குடியேற்றத்தை நிறுத்தினால் கூலி ஏறுமா?"

மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கேள்விகள், அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஒரு கட்சியின் நோக்கத்தைக் கண்டுபிடிக்க, எத்தனை பேரை உள்ளே விடுகிறது என்று எண்ணிப் பார்த்தால் போதாது. உள்ளே வந்தவருக்கு என்ன உரிமை கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அவரால் முதலாளியை எதிர்த்துப் பேச முடியுமா? கூலி பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்குப் போக முடியுமா? சங்கத்தில் சேர்ந்தால் வேலையும் இருப்பும் பறிபோகுமா? இந்தக் கண்ணோட்டத்தில் அமெரிக்கச் சட்டங்களைப் படித்தால், இரண்டு கட்சிகளும் சேர்ந்து ஒரே மாதிரியான தொழிலாளியைத் திரும்பத் திரும்ப உருவாக்கியிருப்பது தெரியும். அவர் வேலை செய்யலாம், வாய் திறக்க முடியாது.

முதலில் வாக்கு வங்கி வாதம். ஆவணம் இல்லாமல் வந்தவர் தேசியத் தேர்தல்களில் வாக்களிக்க முடியாது. கிரீன் கார்டு வைத்திருப்பவரே பொதுவாக 5 ஆண்டுகள் காத்திருந்துதான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். ஆவணமற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கிரீன் கார்டுக்கே வழியில்லை. 2 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் ஒரு பிரதிநிதி, இருபது ஆண்டு கழித்து வரலாம் வராமலும் போகலாம் என்ற வாக்குக்காகத் திட்டம் போடுகிறார் என்பதை நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. உண்மையில் அப்படி ஒரு திட்டம் இருந்திருந்தால், 2009-2010-இல் வெள்ளை மாளிகை, செனட், பிரதிநிதிகள் சபை மூன்றும் கையில் இருந்தபோது ஜனநாயகக் கட்சி அதைச் செய்து முடித்திருக்கும். முதல் ஆண்டிலேயே குடியேற்றச் சீர்திருத்தம் என்று ஒபாமா வாக்குறுதி கொடுத்திருந்தார், நடக்கவில்லை. சிறுவயதில் பெற்றோரோடு வந்தவர்களுக்கு மட்டும் சட்டபூர்வ அந்தஸ்து தரும் டிரீம் சட்டமும் 2010 டிசம்பரில் செனட்டில் 55-41 என்று தேவையான 60-ஐ எட்டாமல் விழுந்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் 5 பேர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அதே ஒபாமா ஆட்சியில் 2012-இல் மட்டும் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் நாடு கடத்தப்பட்டார்கள்.

இந்த வாதத்தின் வலுவான வடிவம் ஒன்று உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆவணமற்றவர்களும் எண்ணப்படுகிறார்கள், அதை வைத்துத்தான் பிரதிநிதிகள் சபையின் இடங்கள் மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகின்றன என்பது. இது உண்மைதான். ஆனால் இந்த எண்ணிக்கையால் கலிபோர்னியாவுக்குப் போலவே டெக்சாஸுக்கும் புளோரிடாவுக்கும் ஆதாயம்.

அப்புறம், வந்தவர்கள் எப்படி வாக்களிப்பார்கள் என்பதை எந்தக் கட்சியாலும் முன்கூட்டித் தீர்மானிக்க முடிந்ததில்லை. 1965 குடியேற்றச் சட்டத்தில் குடும்பத்தினருக்கு முன்னுரிமை கொடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், ஏற்கெனவே இருக்கும் ஐரோப்பிய வம்சாவளியினரின் உறவினர்களே வருவார்கள், நாட்டின் இனச்சேர்க்கை மாறாது என்ற கணக்கு. கணக்கு முழுக்கப் பிசகி, ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் மக்கள் வந்தார்கள். 2024 அதிபர் தேர்தலில் லத்தீன் வம்சாவளியினரில் ஏறத்தாழ 46 சதவீதம் பேர் டிரம்ப்புக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது. டெக்சாஸின் எல்லையோர ஸ்டார் கவுண்டியில் கிட்டத்தட்ட எல்லாருமே மெக்சிகோ வம்சாவளியினர். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த அந்த ஊர்களும் அந்த முறை டிரம்ப் பக்கம் சாய்ந்தன.

சரி, வாக்கு இல்லையென்றால் வேறென்ன? இங்கேதான் சட்டங்களின் சிறு எழுத்துகளைப் படிக்க வேண்டும்.

1924-இல் வந்த குடியேற்றச் சட்டம் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது, ஆசியர்களுக்குக் கதவை ஏறக்குறைய அடைத்தது. ஆனால் மெக்சிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோள நாடுகளுக்கு ஒதுக்கீட்டு வரம்பே வைக்கவில்லை. தென்மேற்குப் பண்ணையாளர்களுக்கு அறுவடைக்கு ஆள் வேண்டும், வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1942-இல் தொடங்கிய பிராசெரோ ஒப்பந்தத் திட்டத்தில் 22 ஆண்டுகளில் 46 லட்சம் அளவுக்கு ஒப்பந்தங்கள் போடப்பட்டு மெக்சிகோத் தொழிலாளிகள் கொண்டுவரப்பட்டார்கள். 1952 சட்டத்தில் 'டெக்சாஸ் விதிவிலக்கு' என்று பெயர் பெற்ற ஒரு வரி இருந்தது. ஆவணமற்றவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம், ஆனால் அவரை வேலைக்கு வைத்துக்கொள்வது அடைக்கலம் ஆகாது என்றது அது. இரண்டே ஆண்டில், 1954-இல், ஐசன்ஹோவர் அரசு மெக்சிகோ மக்களை லட்சக்கணக்கில் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளியது. வேலை கொடுத்தவர் குற்றவாளி இல்லை, வேலை செய்தவர் குற்றவாளி. என்னைப் பொறுத்தவரை, கட்சிகளின் நோக்கத்துக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது.

அந்த ஓட்டையை அடைப்பதாகச் சொல்லித்தான் 1986-இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் வந்தது. சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ அந்தஸ்து கிடைத்தது. கூடவே ஆவணமற்றவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு முதன்முறையாகத் தண்டனை என்றும் எழுதினார்கள். ஆனால் 'தெரிந்தே' வேலைக்கு வைத்தால்தான் தண்டனை, காட்டிய அடையாள அட்டை பார்வைக்கு உண்மையானதுபோல் இருந்தால் போதும் என்றும் சேர்த்து எழுதினார்கள். பெரிய நிறுவனங்கள் துணை ஒப்பந்ததாரர்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டன, போலி அட்டைகளுக்குச் சந்தை உருவானது. ஆள் எடுக்கும்போது ஆவணத்தை இணையத்தில் சரிபார்க்கும் இ-வெரிஃபை முறை 1990-களின் பிற்பகுதியிலிருந்து இருக்கிறது. அதை நாடு முழுக்க எல்லா முதலாளிக்கும் கட்டாயமாக்கும் சட்டம் இன்றுவரை நிறைவேறவில்லை. இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டிருக்கின்றன, நினைவிருக்கட்டும்.

முதலாளியிடம் மாட்டிக்கொண்ட தொழிலாளியின் நிலைமையை 2002-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் மோசமாக்கியது. ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில், சங்கம் சேர்க்க முயன்றதற்காகச் சட்டவிரோதமாக வேலைநீக்கம் செய்யப்பட்ட ஆவணமற்ற தொழிலாளிக்கு இழந்த ஊதியத்தைக் கேட்க உரிமையில்லை என்று 5-4 என்று தீர்ப்பானது. கூடவே வேலை செய்யும் குடிமகனின் நிலையை யோசித்துப் பாருங்கள். சங்கம் அமைக்க அவருக்கு உரிமை உண்டு, ஆனால் பக்கத்தில் நிற்பவரைச் செலவில்லாமல் வெளியே தள்ள முடியும் என்றால் அந்தச் சங்கம் எப்படி நிற்கும்? குடியேறி வந்தவரின் உரிமையைப் பறிக்கும் சட்டம் உள்ளூர்த் தொழிலாளியின் பலத்தையும் சேர்த்தே பறிக்கிறது.

தொழிற்சங்கங்களின் நிலைப்பாடு இதில் தனிக் கதை. அதைச் சொல்லாமல் கட்சிகளைப் புரிந்துகொள்ள முடியாது. ஏ.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தொடக்ககாலத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் லண்டனில் பிறந்து குடியேறியவர். அவரே சீனர்களை விலக்குவதையும் பிறகு பொதுவான கட்டுப்பாடுகளையும் ஆதரித்தார். அதில் இனவெறி கலந்திருந்ததை மறைக்கவே கூடாது, 1882-இன் சீனர் விலக்குச் சட்டத்துக்குக் கலிபோர்னியத் தொழிலாளர் இயக்கம் போட்ட கூச்சல் அசிங்கமானது. ஆனால் இனவெறி என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடவும் முடியாது. சீசர் சாவேஸ் மெக்சிகோ வம்சாவளியினர், அவருடைய பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் பெரும்பாலோரும் அப்படியே. 1974-இல் அந்தச் சங்கம் ஆவணமற்ற கருங்காலிகளைக் குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தது. அரிசோனா எல்லையில் சங்கத்து ஆட்களே கூடாரம் போட்டுக் காவல் நின்றார்கள், எல்லை தாண்டியவர்களை அடித்ததாகவும் பதிவுகள் இருக்கின்றன. வேலைநிறுத்தத்தை உடைக்கப் பண்ணையாளர்கள் எல்லைக்கு அப்பாலிருந்து ஆள் இறக்கியதும் நிஜம், அதற்கு அந்தச் சங்கம் கொடுத்த பதில் கொடூரமானது என்பதும் நிஜம்.

1986-இல் முதலாளிகளுக்குத் தண்டனை வேண்டும் என்று கேட்டவற்றில் ஏ.எஃப்.எல்.-இன் வாரிசான ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஒன்று. 2000 பிப்ரவரியில் அதே கூட்டமைப்பு தன் நிலையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டு, அந்தத் தண்டனை முறையை நீக்கு, ஆவணமற்றவர்களுக்குப் பொது மன்னிப்பு கொடு என்றது. தலைமை முதலாளிகளுக்கு விலைபோனதாகச் சிலர் சொல்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. நடைமுறையில் அந்தச் சட்டத்தை முதலாளிகளே ஆயுதமாக்கிக்கொண்டார்கள். சங்கம் துளிர்க்கும்போது மட்டும் 'உன் ஆவணத்தைக் காட்டு' என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம், லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை செய்த குடியேறிகள் 1990-இல் வேலைநிறுத்தம் செய்து, போலீஸிடம் அடிபட்டும் பின்வாங்காமல் ஒப்பந்தத்தை வென்றிருந்தார்கள். வந்தவர்களை வெளியே தள்ளுவதைவிடச் சங்கத்துக்குள் சேர்ப்பதே வழி என்று தொழிற்சங்கங்களுக்குப் புரிய அது உதவியது.

"குடியேறிகள் வந்தார்கள், அதனால் நல்ல வேலைகள் போயின" என்ற வாதத்துக்கு இறைச்சி ஆலைகளைவிட நல்ல சோதனைக் களம் இல்லை. 1970-கள் வரை அது கடினமான வேலை, ஆனாலும் சங்கப் பாதுகாப்பும் கௌரவமான சம்பளமும் இருந்த வேலை. பிறகு நிறுவனங்கள் நகரங்களிலிருந்த சங்க ஆலைகளை மூடிவிட்டு, மாடு, பன்றி வளரும் கிராமப்புறங்களுக்கு நகர்ந்தன. வேலையைச் சிறு சிறு துண்டாக்கித் தேர்ச்சி தேவையில்லாததாக மாற்றின, சம்பளத்தை வெட்டின. மின்னசோட்டாவின் ஆஸ்டின் நகரில் ஹார்மெல் ஆலைத் தொழிலாளிகள் 1985 ஆகஸ்டில் சம்பள வெட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 1986 ஜனவரியில் ஆலையைத் திறந்து மாற்று ஆட்களை உள்ளே அனுப்ப தேசியக் காவல்படையை இறக்கிய ஆளுநர் ரூடி பெர்பிச், ஜனநாயகக் கட்சிக்காரர். உள்ளே போன கருங்காலிகளில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்து வெள்ளை அமெரிக்கர்கள், அப்போதைய விவசாய நெருக்கடியில் பிழைப்பு இழந்தவர்கள். வேலைநிறுத்தம் தோற்றது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, ஆசியா, ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்கள் பெருமளவில் அந்த ஆலைகளுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசை மிக முக்கியம். முதலில் சங்கம் உடைக்கப்பட்டது, அடுத்து சம்பளம் விழுந்தது, உள்ளூர்க்காரர்கள் விலகினார்கள், கடைசியில் வேறு வழியில்லாதவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பத்து ஆண்டு கழித்து அந்த ஊரைப் பார்க்கிறவருக்குக் கடைசிக் காட்சி மட்டும்தான் கண்ணில் படும். அதை வைத்து அவர் குடியேறிகள் மேல் கோபப்படுவது புரிகிறது. அந்தக் கோபத்தை வாக்காக மாற்றும் கட்சி முதல் மூன்று காட்சிகளைப் பற்றிப் பேசாது. அந்தக் கோபத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடும் கட்சியும் பேசாது, முதல் காட்சியில் அதன் ஆளுநரும் இருக்கிறார் என்பதால்.

ஜனநாயகக் கட்சியின் மாற்றத்தை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். 1950-களில் அமெரிக்கத் தொழிலாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். 2024-இல் அது 9.9 சதவீதம், தனியார் துறையில் 6 சதவீதத்துக்கும் கீழே. சங்கம் தேய்ந்தபோது கட்சிக்குப் பணமும் தொண்டர்களும் படித்த நகர்ப்புற வர்க்கத்திடமிருந்து வரத் தொடங்கினார்கள். அந்த வர்க்கத்துக்குக் குடியேற்றம் மனிதநேயப் பிரச்சினை, பண்பாட்டுப் பிரச்சினை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் உணவகத்தில் சமைக்கவும் வருகிறவரோடு அவர்கள் கூலிக்குப் போட்டி போடுவதில்லை. இதில் சதி ஒன்றும் இல்லை, ஆனால் பார்வை சுருங்கிவிட்டது. 2015-இல் பெர்னி சாண்டர்ஸிடம் எல்லையை முழுக்கத் திறப்பதைப் பற்றிக் கேட்டபோது, அது வலதுசாரிக் கோடீஸ்வரர்களான கோக் சகோதரர்களின் யோசனை என்று சட்டென்று மறுத்தார். பழைய தொழிற்சங்க இடதுசாரியின் பதில் அது. கட்சிக்குள் அதற்கு எழுந்த கண்டனமே கட்சி எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்பதைக் காட்டியது.

குடியரசுக் கட்சிக்குள் இருக்கும் பிளவு இதைவிட அப்பட்டம். அதன் வாக்காளர்கள் ஒரு பக்கம் இழுக்கிறார்கள், நன்கொடையாளர்கள் இன்னொரு பக்கம். 2012 தோல்விக்குப் பிறகு கட்சியே வெளியிட்ட ஆய்வு, குடியேற்றச் சீர்திருத்தத்தை ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2013-இல் முதலாளிகளின் அமைப்பான வர்த்தகச் சபையும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் பேசி முடித்த சமரசத்தோடு ஒரு மசோதா செனட்டில் 68-32 என்று நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சித் தலைமை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த அவையின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர் உட்கட்சித் தேர்தலில் தோற்றார், அவருக்கு எதிரான பிரச்சாரத்தில் குடியேற்றமே பெரிதாகப் பேசப்பட்டது. அதிலிருந்து மேடையில் கடுமை, பின்வாசலில் தற்காலிக விசா என்ற ஏற்பாடு நிலைத்துவிட்டது. பண்ணை வேலைக்கான எச்2ஏ விசாவுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, வந்தவர் கூப்பிட்ட முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். 2005-இல் ஏறத்தாழ 48,000 இடங்களுக்கு இந்த அனுமதி தரப்பட்டது. 2023-இல் அது 3.7 லட்சத்தைத் தாண்டிவிட்டது. டிரம்ப்பின் முதல் ஆட்சியிலும் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 2025 ஜூனில் பண்ணைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் சோதனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் தொழிலாளர் துறை எச்2ஏ குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடும் முறையை மாற்றி, கூலி குறைய வழி செய்தது. உள்ளூர்த் தொழிலாளிக்காகத்தான் எல்லையை மூடுகிறோம் என்று சொல்லும் அரசு, வெளியிலிருந்து வருபவரின் கூலியை இறக்க ஏன் விதி எழுத வேண்டும்? இறக்கினால் போட்டி போட வேண்டியவர் அந்த உள்ளூர்த் தொழிலாளிதானே.

பைடன் ஆட்சி ஒரு நல்ல காரியம் செய்தது, அதைச் சொல்லியாக வேண்டும். 2021-இல் வேலையிடங்களில் கூட்டமாக ஆள் பிடிப்பதை நிறுத்தியது. 2023 ஜனவரியிலிருந்து, முதலாளியின் அத்துமீறலைப் பற்றிப் புகார் கொடுக்கும் ஆவணமற்ற தொழிலாளிக்கு நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு கிடைக்க எளிய வழி வைத்தது. நான் மேலே சொன்ன அளவுகோலில் இது சரியான திசை. ஆனால் எல்லாம் நிர்வாக உத்தரவு, சட்டம் இல்லை. கூலிச் சட்டத்தை அமல்படுத்தும் ஆய்வாளர்கள் 1948-இல் ஏறத்தாழ 1,000 பேர் இருந்தார்கள், இன்று அதைவிடக் குறைவு, உழைப்பாளர் எண்ணிக்கையோ பல மடங்கு. இதை எந்த ஆட்சியும் சரிசெய்யவில்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் நாடுகடத்தும் அமைப்பான ஐஸ் ஒன்றுக்கே சுமார் 75 பில்லியன் டாலர் ஒதுக்கியது.

தேர்ச்சி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான எச்1பி விசா விவாதத்திலும் இதே முடிச்சுதான், நம்மவர்கள் பலர் அதில் சிக்கியிருப்பதால் ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் டிரம்ப் ஆதரவாளர்களே இரண்டாகப் பிரிந்து மோதினார்கள், விசாவை ஆதரித்து ஈலான் மஸ்க் ஒரு பக்கம், எதிர்த்து டிரம்ப்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் ஒரு பக்கம். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை பற்றியே இரு தரப்பும் பேசின. வேலை போனால் 60 நாட்களுக்குள் புது முதலாளி கிடைக்க வேண்டும், கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் பல ஆண்டுகள் நிற்க வேண்டும், அதனால் சம்பள உயர்வு கேட்கவே தயங்க வேண்டும் என்ற நிலை அந்தச் சண்டையில் பின்னுக்குப் போய்விட்டது. அமெரிக்கப் பொறியாளரின் சம்பளத்தைக் கீழே இழுப்பது அந்தத் தயக்கம்தான்.

பிரிட்டன் இதே பாடத்தை வேறு வழியில் கற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய கன்சர்வேடிவ் அரசு, 2022-இல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசாவைத் திறந்துவிட்டது. அந்த வேலைக்குப் பெருமளவு பணம் கொடுப்பது அரசும் உள்ளாட்சிகளும். கூலியை உயர்த்தினால் வரி உயர்த்த வேண்டும், அதைவிட வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது மலிவு. குடியேற்றத்தைக் குறைப்போம் என்று வாக்கு வாங்கிய ஆட்சியில் நிகரக் குடியேற்றம் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்கள் விசா கொடுத்த முதலாளியிடம் கட்டுண்டு சுரண்டப்பட்டார்கள். 2025 ஜூலையில் லேபர் அரசு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழியை மூடியது.

கடைசிக் கேள்வி, நிறுத்தினால் கூலி ஏறுமா? 1980-இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களில் புளோரிடாவுக்கு வந்தார்கள், பலர் மயாமியிலேயே தங்கினார்கள். பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு 1990-இல் வெளியிட்ட ஆய்வு, உள்ளூர்க் கூலியில் குறிப்பிடத்தக்க பாதிப்பில்லை என்றது. பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் பெரிய வீழ்ச்சி என்று பின்னாளில் இன்னொரு பொருளாதார அறிஞர் ஜார்ஜ் போர்ஹாஸ் மறுத்தார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. பொதுவாக, மொத்தத்தில் விளைவு சிறிது, அடிமட்டத்தில் இருப்பவர்களுக்கும் அண்மையில் குடியேறியவர்களுக்கும்தான் அடி அதிகம் என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த அடியை இல்லையென்று சொல்வது நேர்மையாகாது.

நிறுத்திப் பார்த்த அனுபவமும் இருக்கிறது. 1964 முடிவில் பிராசெரோ திட்டம் நிறுத்தப்பட்டது. அந்தத் தொழிலாளிகளை அதிகம் நம்பியிருந்த மாநிலங்களில் உள்ளூர்ப் பண்ணைக் கூலி மற்ற மாநிலங்களைவிடக் கூடுதலாக ஏறவில்லை என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. கலிபோர்னியாவில் தக்காளி பறிக்க இயந்திரங்கள் வந்தன, இயந்திரத்துக்கு வராத பயிர்கள் சிலவற்றின் சாகுபடி குறைந்தது.

ஆனால் அதே கலிபோர்னியாவில் இன்னொன்றும் நடந்தது. திட்டம் நின்ற பிறகும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பண்ணைத் தொழிலாளிக்கு மணிக்கு 1.40 டாலர் கொடுக்க வேண்டும் என்று அரசு விதித்திருந்தது. எங்களுக்கும் அதே கூலி வேண்டும் என்று கேட்டு, 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோ திராட்சைத் தோட்டங்களில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு இனத்தார் நிறுத்தினால் இன்னொரு இனத்தாரை இறக்குவது பண்ணையாளர்களின் பழைய உத்தி. இந்த முறை சாவேஸின் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளிகள் உள்ளே போகாமல் அவர்களோடு சேர்ந்து மறியலில் நின்றார்கள். 5 ஆண்டுகள் பிடித்தது, 1970 ஜூலையில் டெலானோ பண்ணையாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1975-இல் கலிபோர்னியா தன் பண்ணைத் தொழிலாளிகளுக்குச் சங்க உரிமைச் சட்டமே கொண்டுவந்தது. பிராசெரோ நின்றது அந்தப் போராட்டத்துக்கு இடம் கொடுத்தது, கூலியை உயர்த்தியது போராட்டம். தேசிய அளவில் சங்க உரிமை தரும் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணைத் தொழிலாளிகளை வெளியே நிறுத்தியே எழுதப்பட்டது. அந்த விலக்கு இன்னும் அப்படியே இருக்கிறது, அதை நீக்கும் சட்டத்தை இரண்டு கட்சிகளில் எதுவும் இதுவரை நிறைவேற்றவில்லை.